மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள்: வடசென்னை வீடுகளில் டரான்டுலாவுக்கு வரும் கோளாறுகள்

டரான்டுலா என்னும் பெரிய சிலந்தியை முதல்முறையாக வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு என் பதில் ஒன்றுதான்: மூடியை மூடிவிட்டுத் தள்ளி உட்காருங்கள். மீதிக் கால்வாசிக்குப் பதில், உடனே எழுந்து ஏதாவது செய்யுங்கள் என்பது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் சிலந்திகள் சாகின்றன. தொடக்கூடாத நேரத்தில் தொட்டுவிடுகிறார்கள், ஓட வேண்டிய நேரத்தில் வேடிக்கை பார்க்கிறார்கள். அதனால் நோயின் பெயரை வைத்து எழுதாமல், பெட்டிக்குள் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்தே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூடியூபில் சிலந்தி வளர்ப்பு பற்றிப் பேசுகிறவர்களில் பலர் குளிர் நாட்டுக்காரர்கள். பெட்டியைச் சூடேற்ற ஹீட் மேட் வாங்குங்கள், தினமும் தண்ணீர் தெளியுங்கள் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் காற்றே ஈரமாகத்தான் வருகிறது. சனவரி விடியற்காலையில்கூட பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஹீட் மேட் நமக்குத் தேவையே இல்லை. நம் பக்கத்துத் தொல்லைகள் வேறு: கத்திரி வெயில், எறும்பு, கொசு மருந்து, மழைக்காலத்தில் வாசலைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீர்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று விஷயம் பாருங்கள். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா? கடைசியாக எப்போது தோல் உரித்தது? இந்த வாரம் வீட்டில் யாராவது ஏதாவது மருந்து அடித்தார்களா? முதல் கேள்விக்குப் பெட்டியே பதில் சொல்லும். இரண்டாவதற்கு, சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இரை போட்ட நாளையும் தோல் உரித்த நாளையும் குறித்து வையுங்கள். மூன்றாவதை வீட்டில் உள்ளவர்களிடம் வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

சாப்பிட மாட்டேன் என்கிறது

அதிகம் பேர் பதறுவது இதற்குத்தான். பதறத் தேவையே இல்லாததும் இதுதான்.

வயிற்றைப் பாருங்கள், அதாவது பின்பக்கம் உருண்டையாக இருக்கும் பகுதியை. அது முன்னுடலைவிடப் பெரிதாக, விண்ணென்று, பளபளப்பாக இருந்தால் சிலந்தி தோல் உரிக்கத் தயாராகிறது. முடி உதிர்ந்த வழுக்கை இடம் இருந்தால் இன்னும் சுலபம்: சாதாரண நாளில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும் அந்த இடம், தோல் உரிப்பு நெருங்க நெருங்கக் கறுத்துக்கொண்டே போகும். உள்ளே புதுத் தோலும் முடியும் வளர்ந்து நிற்பதுதான் அப்படித் தெரிகிறது. கூடவே நடமாட்டம் குறையும், குழிக்குள் போய் வாசலை மண்ணாலும் வலையாலும் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். குட்டிகள் சில வாரங்களிலேயே வெளியே வந்துவிடும். வளர்ந்தது மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கலாம். சிலி ரோஸ் மாதிரியான இனங்கள் எந்தக் காரணமும் இல்லாமலேயே பல மாதம் பட்டினி இருக்கும், ஒன்றும் ஆகாது.

வயிறு பெருக்கவில்லை, ஆனாலும் சாப்பிடவில்லை என்றால் கேள்விகள் வேறு. வாங்கி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லையா? பழகட்டும். இரை பெரிதாக இருக்கிறதா? சிலந்தியின் வயிற்றளவுக்கு மேல் இரை போடாதீர்கள். குட்டிக்கு என்றால் சூப்பர்வார்ம் புழுவை வெட்டிப் போட்டாலும் வந்து தின்னும். பகலிலா போடுகிறீர்கள்? விளக்கை அணைத்துவிட்டு ராத்திரி போட்டுப் பாருங்கள். வெயில் உச்சத்தில் இருக்கிறதா? அப்போது நமக்கே சோறு இறங்காது.

இன்னொரு காரணம் ஆண் சிலந்தி. முன்னால் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உறுப்புகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போட்டதாகத் தெரிந்தால் அது முதிர்ந்த ஆண். பல இனங்களில் முன்கால்களின் உள்பக்கம் சிறு கொக்கியும் இருக்கும். அதற்கு இனிச் சாப்பாட்டில் நாட்டம் இல்லை, பெண் தேடி அலையும். முதிர்ந்தபின் பெரும்பாலான ஆண்களுக்குச் சில மாதங்களோ ஒரு வருடமோதான் ஆயுள். பெண்ணோ பல இனங்களில் இருபது வருடம் தாண்டியும் வாழும். இது நோயில்லை, மருந்தும் இல்லை.

இரை எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் அரோவானா மீனுக்கென்று சூப்பர்வார்ம் விற்பார்கள், அது போதும். மண்ணுக்குள் புதைந்துகொள்ளாமல் இருக்கத் தலையை நசுக்கிப் போடுங்கள். வீட்டில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடவே போடாதீர்கள். அது எந்த வீட்டு சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வந்தது என்று யாருக்குத் தெரியும்? போட்ட இரையை 24 மணி நேரத்துக்குள் தின்னாவிட்டால் வெளியே எடுத்துவிடுங்கள். தோல் உரிக்கும் சிலந்தியை சில்வண்டு கடித்துக் குதறிவிடும். இரைதானே என்று அலட்சியமாக விட்டுச் செத்த சிலந்திகள் நிறைய.

மல்லாந்து கிடக்கிறது

வியாசர்பாடியில் இருந்து ஒரு தம்பி ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான். "அண்ணா, மல்லாக்கப் படுத்துக்கினு கீதுண்ணா. செத்துப் போயிடுச்சா?"

"தொட்டியா?"

"இல்லண்ணா. குச்சியால லேசா..."

"குச்சியக் கீழ போடு. லைட்ட ஆஃப் பண்ணு. காலைல பேசு."

மல்லாந்து கிடக்கும் டரான்டுலா சாகவில்லை, தோல் உரிக்கிறது. முன்கூட்டியே மெல்லிய வலையைப் பாய் போல விரித்து, அதன்மேல் புரண்டு படுத்துக்கொள்ளும். சில சமயம் பக்கவாட்டிலும் படுக்கும். மரத்தில் வாழும் இனங்கள் வலைத் தொட்டிலுக்குள்ளேயே கண்ணில் படாமல் வேலையை முடித்துவிடும். முதலில் முன்னுடலின் மேல் ஓடு மூடி மாதிரி பெயரும், பிறகு வயிற்றுத் தோல் கிழியும், கடைசியில் கால்கள் ஒவ்வொன்றாக உருவி வெளியே வரும். குட்டிக்குக் கால் மணி நேரம், பெரியதற்குப் பல மணி நேரம். இடையில் நீண்ட நேரம் அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில்தான் மனுஷன் பொறுமை இழந்து குச்சியை எடுக்கிறான்.

அந்த நேரத்தில் அதன் உடம்பு முழுக்க மெத்தென்று இருக்கும். விரல் பட்டாலே கிழியும். எனவே பெட்டியை நகர்த்தாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், வீடியோ எடுக்க விளக்கு போடாதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: உள்ளே உயிருள்ள இரை ஓடிக்கொண்டிருந்தால் நீண்ட இடுக்கியால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

உரித்து முடித்தபின் நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுக்கும் வரை இரை போடக்கூடாது. குட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்கு இரண்டு வாரத்துக்குக் குறையாமல். தண்ணீர் மட்டும் நிறைய இருக்கட்டும்.

கால் ஒன்று பழைய தோலில் மாட்டிக்கொண்டு வரவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது, பல மணி நேரமாக எந்த முன்னேற்றமும் இல்லை. அப்போது மட்டும் உதவலாம். மெல்லிய ஓவிய பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மாட்டியிருக்கும் பழைய தோலை மட்டும் ஈரப்படுத்துங்கள். இழுக்காதீர்கள். வயிற்றின் அடிப்பக்கம் தண்ணீர் படக்கூடாது, சுவாச உறுப்பு அங்கேதான் இருக்கிறது. கால் போனாலும் போகட்டும்: அதுவே கழற்றிப் போட்டுவிடும், அடுத்தடுத்த தோலுரிப்பில் சிறிதாக முளைத்துப் பிறகு சரியாகிவிடும்.

உரித்த தோலைத் தூக்கிப் போடாதீர்கள். மறுநாள் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுத் தோலை உள்பக்கம் தெரியும்படி விரியுங்கள். வெள்ளையாக நான்கு திட்டுகள் தெரியும், அவை புத்தக நுரையீரல்கள். மேலே இருக்கும் இரண்டுக்கும் நடுவில் சின்ன மடல் ஒன்று எழுந்து நின்றால் பெண். கடைக்காரர் சொன்னதைவிட இது நம்பகமானது.

கால்களை உள்ளே சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது

இதுதான் ஓட வேண்டிய நேரம். ஆனால் ஓடுவதற்கு முன் சுருட்டியிருப்பது எப்படி என்று பாருங்கள். முழங்கால்களை மேலே தூக்கி முகத்தை மூடிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் அது பயம், புது இடம். விட்டுவிடுங்கள். நிமிர்ந்த நிலையில் கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் மடங்கி, தள்ளினாலும் விரியாமல் இருந்தால் அது ஆபத்து.

சிலந்தியின் காலை மடக்கத் தசை உண்டு, முக்கியமான மூட்டுகளில் நீட்டத் தசை இல்லை. ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீளுவது போல, இது உடம்பில் ஓடும் திரவத்தின் அழுத்தத்தில்தான் காலை நீட்டுகிறது. உடம்பில் தண்ணீர் வற்றினால் அழுத்தம் குறைகிறது, கால் தானாக மடங்குகிறது. வயிறு சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், தாகம்தான்.

ஆழமில்லாத தட்டில், பாட்டில் மூடி போதும், தண்ணீர் ஊற்றி, சிலந்தியை மெல்லத் தூக்கி முன்பக்கம் மட்டும் தண்ணீரில் படும்படி வையுங்கள். வாய் நச்சுப்பற்களுக்கு நடுவே அடிப்பக்கம் இருக்கிறது. வயிறு வெளியே காய்ந்த இடத்தில் இருக்கட்டும். ஈர டிஷ்யூ போட்ட டப்பாவில் அடைத்து வைக்கும் பழைய முறையை 'ஐசியு' என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காற்றோட்டமில்லாத ஈரத்தில் கிடப்பதைவிட வாயருகே தண்ணீர் கிடைப்பதுதான் முக்கியம். தாகம் மட்டும்தான் காரணம் என்றால் சில மணி நேரத்தில் கால் விரியத் தொடங்கும். வயிறு கொழுகொழுவென்று இருந்தும் கால் மடங்கினால் காரணம் வேறு: முதுமை, விஷம், உள்காயம். அதற்கு நம்மால் செய்யக்கூடியது குறைவு.

தண்ணீர்க் கிண்ணத்தின் மேலேயே கிடக்கிறது

வெயில். வேறு காரணத்தை அப்புறம் தேடலாம்.

23 முதல் 30 டிகிரி வரை பெரும்பாலான இனங்கள் வசதியாக இருக்கும். 33 வரை தாங்கும். அதற்கு மேல் நாள் முழுக்க நின்றால் ஆபத்து. சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவானது. மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் இருப்பவர்களுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே இன்னும் அதிகம். கோடையில் பெட்டியை அலமாரி உச்சியிலிருந்து இறக்கித் தரையோரம், வெயில் படாத சுவர் பக்கம் வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துண்டில் சுற்றி, பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் உள்ளே ஒரு பக்கம் குளிரும். எது வேண்டுமோ அதைச் சிலந்தியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். உள்ளே ஐஸ் போடாதீர்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மண் ஆழமாக, நான்கைந்து விரற்கடைக்குக் குறையாமல் இருந்தால் அது தானே குழி தோண்டிக் கீழே போய்விடும். உடைந்த மண்சட்டியோ கொட்டாங்கச்சியோ கவிழ்த்து வைத்தால் நல்ல நிழல். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மண்டை ஓட்டைவிட நூறு மடங்கு மேல்.

மழைக்காலம் வந்ததும் அதே பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. கட்டிலுக்கு அடியில் எதுவும் இருக்கக்கூடாத மாதங்கள் அவை.

நடுங்குகிறது, தள்ளாடுகிறது, கால் பின்னிக்கொள்கிறது

நடக்கும்போது கால்கள் ஒன்றோடொன்று மோதும், உடம்பு வெட்டிவெட்டி இழுக்கும், நேராகப் போக முடியாமல் சுழலும். வளர்ப்பவர்கள் இதை 'டிகேஎஸ்' (டிஸ்கைனெட்டிக் சிண்ட்ரோம்) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது ஒரு நோயின் பெயர் இல்லை, ஒரு தோற்றத்தின் பெயர். பெரும்பாலும் சந்தேகப்படுவது பூச்சிமருந்தை.

கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் திரவம், ஸ்பிரே, கரப்பான் சாக்பீஸ் எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான் இருக்கும். பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்கென்றே செய்தது. சிலந்தியின் நரம்பும் அதற்குத் தப்பாது. நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையோடு பெட்டியைத் திறந்தாலும் இதே கதை. பீரோவுக்குள் போடும் பாச்சை உருண்டையும் பக்கத்தில் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் பெட்டியை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். அம்மாவிடம் சாம்பிராணி போடாதே என்று சொல்வதைவிட அது சுலபம்.

மாநகராட்சி கொசுப் புகை வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஜன்னலைச் சாத்துங்கள், பெட்டியை உள் அறைக்குக் கொண்டுபோங்கள், புகை கலைந்தபின் எல்லாவற்றையும் திறந்து நன்றாகக் காற்று விடுங்கள். சிலந்தி இருக்கும் அறையில் கொசுவுக்குக் கொசுவலையும் பேட்டும் மட்டும்தான்.

நடுக்கம் தொடங்கிவிட்டால் மாற்று மருந்து எதுவும் கிடையாது. மருந்து படாத புது டப்பா, அடியில் வெறும் டிஷ்யூ பேப்பர், ஒரு மூடித் தண்ணீர், நல்ல காற்றோட்டம், இருட்டு. பழைய மண்ணைக் கொட்டிவிடுங்கள். சில பிழைத்துக்கொள்ளும், சில போய்விடும்.

மண் என்றதும் இன்னொன்று. மாடித் தோட்டத்துக்கு விற்கும் கோகோபீட் கட்டி நல்ல பொருள்தான், வெறும் கோகோபீட் ஆக இருக்கும் வரை. 'பாட்டிங் மிக்ஸ்' என்று கலந்து விற்பதில் உரமும் வேப்பம் பிண்ணாக்கும் இருக்கும். பூச்சிகளின் தோலுரிப்பைக் குலைப்பதுதான் வேம்பின் வேலையே. தோல் உரித்து வளரும் பிராணியின் படுக்கையில் அது வேண்டாம். வெறும் கட்டியாக வாங்கி, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, பிழிந்து காயவைத்துப் போடுங்கள்.

சுவரில் ஏறிக்கொண்டே இருக்கிறது

புது வீடு என்றால் சில நாள் இப்படித்தான். அதற்குப் பிறகும் ஏறினால் மண் அதிக ஈரம். சிலந்தி காலை மண்ணில் வைக்கப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துத் தொங்குகிறது. தெளிப்பதை நிறுத்துங்கள், ஒரு கிண்ணம் தண்ணீர் இருந்தால் நம் ஊர்க் காற்றுக்கு அதுவே போதும். கர்லி ஹேர் போன்ற இனங்களுக்கு ஒரு மூலையில் மட்டும் மண்ணில் தண்ணீர் ஊற்றினால் சரி. பிங்க் டோ மாதிரி மரத்தில் வாழ்பவற்றுக்குப் பக்கவாட்டில் எதிரெதிரே ஓட்டைகள் வேண்டும். ஈரத்தோடு காற்று தேங்கினால் அவை சத்தமில்லாமல் செத்துவிடும்.

தரையில் வாழும் இனம் ஏறினால் கூடுதல் கவலை, விழுந்தால் வயிறு வெடிக்கும். மண்ணிலிருந்து மூடி வரை உள்ள உயரம், சிலந்தி காலை விரித்தால் வரும் அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. பெரிய மீன் தொட்டியில் மண்ணைக் கொஞ்சமாகப் போட்டு வைப்பது அழகாக இருக்கும், ஆனால் ஆபத்து. கம்பி வலை மூடியும் வேண்டாம், நகம் மாட்டிக்கொண்டு தொங்கும்.

விழுந்துவிட்டது, ஏதோ கசிகிறது

ரத்தம் சிவப்பாக இருக்காது. நிறமில்லாமலோ லேசான நீலமாகவோ இருக்கும். அதில் இரும்புக்குப் பதில் செம்பு. வயிற்றில் சின்னக் கீறல் என்றால் கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி உறையவிடுங்கள். நிற்கவில்லை என்றால் குச்சி நுனியில் ஃபெவிக்விக் ஒரு துளி தொட்டுக் கீறலை மட்டும் மூடுங்கள், பரவிவிடக் கூடாது. தண்ணீர் வைத்துவிட்டு, அசைக்காமல் விடுங்கள். காலில் கசிந்தால் பெரும்பாலும் அதுவே காலைக் கழற்றிவிடும். வயிறு பிளந்திருந்தால் பிழைக்காது.

வயிற்றில் முடி கொட்டி வழுக்கை

பின்கால்களால் அதுவே தேய்த்து உதிர்க்கிறது. அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பலவற்றின் தற்காப்பு அது. வழுக்கை அடுத்த தோலுரிப்பில் போய்விடும். உங்களைப் பார்த்தாலே உதிர்க்கிறது என்றால் நீங்கள் அடிக்கடி பெட்டியைத் திறக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அந்த முடி கையில் பட்டால் அரிப்போடு போகும்: செல்லோடேப் ஒட்டி எடுத்துவிட்டு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது. நுனியில் முள் உள்ள முடி அது, கண்ணுக்குள் நகர்ந்து உள்ளே போகும். தண்ணீரால் அலசிவிட்டு, சிலந்தி முடி என்று சொல்லி எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ உங்கள் கண் டாக்டரிடமோ அன்றே போங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கண்வலி என்று சொட்டு மருந்தோடு அனுப்பிவிடுவார்கள்.

வெள்ளை வெள்ளையாக ஏதோ

கண்ணாடியில் உலர்ந்த வெள்ளைச் சொட்டு எச்சம்தான், துடைத்துவிடுங்கள். மண்ணில் பஞ்சாகப் படர்ந்தால் பூஞ்சை. அந்த இடத்து மண்ணை அள்ளிப் போட்டு, காற்று விடுங்கள். ஊசிமுனை அளவில் நகர்ந்தால் உண்ணிப்பூச்சி. தின்று துப்பிய இரை உருண்டையை எடுக்காமல் விட்டதற்கு வந்த விருந்தாளிகள் அவை. மண்ணை மாற்றிக் காயவிட்டால் பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

வாயைச் சுற்றி வெள்ளையாகக் குழம்பு மாதிரி நுரைத்து நாற்றம் வந்தால் அது நூற்புழு. சிலந்தி சாப்பிடாது, நச்சுப்பல்லை மடக்க முடியாமல் நிற்கும். குணப்படுத்த வழி கிடையாது. வேறு சிலந்திகள் இருந்தால் இதைத் தனி அறையில் வையுங்கள், இடுக்கியையும் கிண்ணத்தையும் பொதுவில் புழங்காதீர்கள்.

எறும்பு வந்தால் மட்டும் யோசிக்க நேரமில்லை, தோல் உரிக்கும் சிலந்தியை ஒரே ராத்திரியில் தின்று தீர்த்துவிடும். எறும்புப் பொடி போடாதீர்கள், அதுவும் விஷம். பாட்டிகள் சர்க்கரை டப்பாவுக்குச் செய்ததையே செய்யுங்கள்: தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் பெட்டி. பெட்டி சுவரைத் தொடக்கூடாது. கொசு முட்டையிடாமல் இருக்க தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

என்ன இனம் என்றே தெரியவில்லை

விற்றவர் "ப்ளூ கலர், ஃபாரின் அயிட்டம்" என்று மட்டும் சொல்லியிருப்பார். நீலத்தில் மின்னுவது நம் பக்கத்துச் சிலந்தியாகவே இருக்கலாம். சென்னை–மும்பை ரயில் பாதையில் வரும் கூட்டியில், ஆந்திராவில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்து 1899-ல் விவரிக்கப்பட்டது பொசிலோதீரியா மெட்டாலிகா. அதன்பின் நூறாண்டு கழித்துத்தான் நல்லமலைக் காட்டில் மறுபடி கண்டார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். முதல்முறை வளர்ப்பவருக்கு ஏற்றதும் இல்லை: மின்னல் வேகம், கடித்தால் பல மணி நேரம் தசை பிடித்து இழுக்கும்.

பொசிலோதீரியா இனங்கள் முழுக்க 2019 முதல் சைட்டீஸ் பட்டியலில் உள்ளன; அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் அது. சிவப்பு முழங்கால் சிலந்தியான பிராக்கிபெல்மா அதற்கும் முன்பிருந்தே. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகச் செய்யலாம். ரசீதும் வாங்கிய விவரமும் தர முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

கடித்துவிட்டது

அமெரிக்க இனங்கள் என்றால் பெரும்பாலும் குளவி கொட்டிய அளவு. கழுவிவிட்டு, ஐஸ் ஒத்தடம். ஆசிய, ஆப்பிரிக்க இனமாக இருந்தாலோ, மூச்சு முட்டல், முகவீக்கம், நெஞ்சு படபடப்பு, தசைப்பிடிப்பு வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். சிலந்தியின் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவும்.

பெட்டியில் காணோம்

முதலில் மண்ணைக் கிளறாமல் பாருங்கள், பாதி நேரம் புதைந்து உள்ளேதான் இருக்கும். மூடி நகர்ந்திருந்தால்தான் தேடல். அறைக் கதவின் அடிச்சந்தைத் துணியால் அடையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். தரையில் வாழும் இனம் பெரும்பாலும் சுவரோரமாகவே போய் இருட்டான சந்தில் ஒளியும்: பீரோ அடி, செருப்பு ஸ்டாண்டு, சாக்கு மூட்டை. மரத்தில் வாழ்பவை மேலே போகும், திரைச்சீலை மடிப்பு, பரண். விளக்கை அணைத்து, ராத்திரி டார்ச் அடித்துத் தேடுங்கள். கிடைத்ததும் கையால் பிடிக்காமல், அகலமான டப்பாவைக் கவிழ்த்து அடியில் அட்டையை நுழையுங்கள். டப்பா விளிம்பில் கால் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் கதவுள்ள வரிசை வீடு என்றால் வெட்கப்படாமல் அடுத்த வீட்டு அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அக்கா, பெரிய சிலந்தி ஒண்ணு வெளிய வந்துடுச்சு. பாத்தா அடிக்காதீங்க, மருந்து அடிக்காதீங்க, மேல ஒரு டப்பாவ கவுத்துட்டு என்னக் கூப்பிடுங்க." திட்டு கொஞ்சம் விழும், வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் கையில் இருப்பது துடைப்பமாகவோ ஸ்பிரேயாகவோ இருக்கும். கிடைத்தபின் மூடிக்கு இரண்டு பக்கமும் கிளிப் வாங்கி மாட்டுங்கள். ரப்பர் பேண்டு நம் வெயிலுக்குச் சில மாதத்தில் இற்றுவிடும்.